சாரல் மீது ஒரு பழி: நிலைமின் ஒலிபெருக்கியும் அதன் பழுதுகளும்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூலில் முதல் பாடம் நிலைமின்னியல். பள்ளி திறப்பது ஜூன் மாதம். தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் சாரல் தொடங்குவதும் அதே ஜூன் மாதம்தான். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து பொடித் தூறலைத் தெளித்துக்கொண்டிருக்கும் நாள்களில், எங்கள் பக்கத்து மாணவர்கள் தங்க இலை மின்காட்டியை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். கண்ணாடித் தண்டைப் பட்டுத் துணியில் தேய்த்து மின்காட்டியின் குமிழில் தொடுகிறோம். இலைகள் விரிகின்றன, விரிந்த வேகத்திலேயே சுருங்கியும் விடுகின்றன. "காற்றில் ஈரம். இன்றைக்குச் சரியாக வராது" என்கிறார் ஆசிரியர். மாணவர்கள் வரவேண்டிய விடையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறார்கள்.

கல்லூரிக்கு வந்த பிறகும் இதே கதைதான். இந்தப் பழக்கத்தின் மீது எனக்குப் பெரிய குறை உண்டு. அந்த மின்காட்டி தன் வேலையைச் செம்மையாகவே செய்திருக்கிறது. மின்னூட்டம் எங்கோ கசிகிறது என்று அது நம்மிடம் சொல்லியிருக்கிறது. நாம்தான் காது கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இதனால் போவது ஒரு மதிப்பெண்கூட இல்லை. ஆனால் விலை உயர்ந்த ஒரு கருவியைப் பழுதுபார்க்க உட்காரும்போது இதே செவிட்டுத்தனம் பல ஆயிரம் ரூபாயை விழுங்கிவிடுகிறது. சில வேளைகளில் உயிருக்கும் உலை வைக்கிறது. நிலைமின் ஒலிபெருக்கியைப் பழுதுபார்க்கும் முறையை எடுத்துக்கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

இவ்வகை ஒலிபெருக்கியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கோயில் கொடைக்கு மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரும், வீட்டு வானொலிப் பெட்டிக்குள் இருக்கும் வட்ட ஸ்பீக்கரும் காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கொண்டு இயங்குபவை. நிலைமின் ஒலிபெருக்கியில் காந்தமும் இல்லை, சுருளும் இல்லை. துளைகளிட்ட இரண்டு தகடுகள். அவற்றுக்கு நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு. அச்சவ்வின் மேல் மிக உயர்ந்த மின்தடை கொண்ட ஒரு பூச்சு. இவ்வளவுதான். சவ்வுக்குச் சில ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. இசைக்குரிய மின்னழுத்தத்தை ஒரு மின்மாற்றி உயர்த்தி இரு தகடுகளுக்கும் கொடுக்கிறது. ஒரு தகடு சவ்வை இழுக்கும்போது மற்றது தள்ளுகிறது. சவ்வு முழுவதும் ஒரே சீராக அசைந்து காற்றை அசைக்கிறது.

இதன் தலைகீழ் வடிவம் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கைப்பேசியின் ஒலிவாங்கியும் நிலைமின் தத்துவத்தில் இயங்குவதே. அங்கே ஒலி சவ்வை அசைக்க, மின்னழுத்தம் பிறக்கிறது. இங்கே மின்னழுத்தம் சவ்வை அசைக்க, ஒலி பிறக்கிறது.

1925-இல் ரைஸ் என்பவருடன் சேர்ந்து சுருள் ஒலிபெருக்கிக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்த கெல்லாக், நிலைமின் ஒலிபெருக்கிக்கும் 1934-இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் வீட்டுக்கு ஏற்ற முழுமையான கருவியாக அதை ஆக்கியவர் இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் குவாட் என்ற பெயரில் கருவிகளைத் தயாரித்துவந்த பீட்டர் வாக்கர். 1955-இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் அவர் எழுதிய கட்டுரைகளில் இதன் இயற்பியல் தெளிவாக இருக்கிறது. 1957-இல் விற்பனைக்கு வந்த அவருடைய ஒலிபெருக்கி 1985 வரை தயாரிக்கப்பட்டது. பார்வைக்கு அறையைச் சூடாக்கும் மின்கருவி போலிருக்கும். நடுவில் உச்ச ஒலிகளுக்கு ஒரு பலகம், இரு பக்கமும் தாழ்ந்த ஒலிகளுக்கு இரண்டு பலகங்கள். உச்சப் பலகத்தின் சவ்வுக்கு 1,500 வோல்ட். தாழ்பலகங்களுக்கு 6,000 வோல்ட்.

வாக்கரின் திறமை எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சவ்வை ஒரே ஒரு தகட்டைக் கொண்டு இழுத்தால், இழுவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அழுத்தம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். பாடகரின் குரல் உருமாறி வரும். இரண்டு தகடுகளை வைத்து, சவ்வின் மின்னூட்டத்தையும் மாறாமல் நிறுத்திவிட்டால் கணக்கு எளிதாகிவிடுகிறது. விசை என்பது மின்னூட்டத்தையும் மின்புலத்தையும் பெருக்கி வருவது. மின்னூட்டம் மாறிலி, ஆகவே விசை இசையின் மின்னழுத்தத்தை அப்படியே பின்தொடரும். சவ்வின் பூச்சுக்கு அவ்வளவு பெரிய மின்தடை வைத்ததன் காரணம் இதுவே. சவ்வு ஒருமுறை முன்னும் பின்னும் அசைந்து முடிப்பதற்குள் மின்னூட்டம் இடம்பெயரக் கூடாது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். இக்கருவியின் நலம் முழுவதும் ஏற்றிய மின்னூட்டம் சவ்விலேயே தங்கியிருப்பதைப் பொறுத்தது. தங்க இலை மின்காட்டியின் நலமும் அதைப் பொறுத்ததே. இரண்டும் ஒரே சாதி.

இனிப் பழுதுக்கு வருவோம். குற்றாலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த பழைய குவாட் ஒலிபெருக்கிகள் இரண்டு இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டுச் சாரலின்போது வலப்பக்கத்து ஒலிபெருக்கியில் ஒலி குறைந்தது. பெருநகரிலிருந்து வந்த பழுதுபார்ப்பவர் பின்மூடியைக் கழற்றி, 6,000 வோல்ட் இருக்க வேண்டிய முனையில் மல்டிமீட்டரை வைத்தார். ஐந்நூற்றுச் சொச்சம் வோல்ட்தான் காட்டியது. உயர் அழுத்தம் தரும் பகுதி போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதியதைப் பொருத்தினார். மீண்டும் அளந்தார், அதே ஐந்நூற்றுச் சொச்சம். அப்படியானால் பலகங்களே போய்விட்டன, மூன்றையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உயர் அழுத்தம் தரும் பகுதி எப்படிப்பட்டது? டயோடுகளையும் மின்தேக்கிகளையும் ஏணிப்படி போல அடுக்கி, சிறிய மாறுமின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தும் சுற்று அது. 1932-இல் காக்ராப்டும் வால்ட்டனும் லித்தியம் அணுவைப் பிளந்தது இதே ஏணியைப் பெரிதாகக் கட்டித்தான். ஒலிபெருக்கியில் உள்ள ஏணியால் மிகச் சிறிய மின்னோட்டமே தர முடியும். அதன் அகத்தடையும் வழியில் வைத்துள்ள தடையும் சேர்ந்து 100 மெகா ஓம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். இரண்டும் தொடரிணைப்பில் அமைகின்றன. மீட்டருக்குக் கிடைக்கும் பங்கு 110-இல் 10. அதாவது 6,000 வோல்ட்டில் ஏறத்தாழ 545 வோல்ட்.

முழு நலத்துடன் இருக்கும் ஒலிபெருக்கியிலும் அந்த மீட்டர் அதைத்தான் காட்டியிருக்கும்! அழுத்தத்தை இறக்கிவிட்டதே மீட்டர்தான். (1,000 வோல்ட்டுக்கு மேல் தாங்காத மீட்டரை 6,000 வோல்ட் இருக்கும் இடத்தில் வைத்தது வேறு தவறு.) 1,000 மெகா ஓம் தடையுள்ள உயர் அழுத்தக் கோலைப் பயன்படுத்தியிருந்தால் 5,454 வோல்ட் காட்டியிருக்கும். அப்போதும் பதினொன்றில் ஒரு பங்கு குறைவு. இத்தகைய இடத்துக்கு ஏற்ற கருவி கெல்வின் பிரபு வடிவமைத்த நிலைமின் வோல்ட்மீட்டர். அது தொடர்ந்து மின்னோட்டத்தை உறிஞ்சுவதில்லை.

பழுதுபார்ப்பவரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பாடம் சொன்னவர்கள் எங்களைப் போன்றவர்களே. "இலட்சிய வோல்ட்மீட்டரின் மின்தடை முடிவிலி" என்று ஒரு வரியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உண்மையான வோல்ட்மீட்டர் எந்த இடத்தில் பொய் சொல்லும் என்பதை ஒரு கணக்கின் மூலமாவது காட்டுவதில்லை. தேர்வுத் தாள்களில் அந்தக் கேள்வி வந்தாலும் ஆயிரம் ஓம் தடைகளோடு நின்றுவிடுகிறது.

சரி, வேறு எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் எதையும் திறக்கக் கூடாது. பெருக்கியை அணைத்துவிட்டு, அதிலிருந்து வரும் இடம், வலம் கம்பிகளை மாற்றிப் போடுங்கள். மெல்லொலி இடப்பக்கத்துக்கு மாறினால் குற்றம் ஒலிபெருக்கியில் இல்லை. பெருக்கியிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. மாறாமல் வலப்பக்கமே நின்றால் ஒலிபெருக்கியில்தான் குற்றம். மிக எளிய இந்தச் சோதனையைச் செய்யாமலே பலர் திருப்புளியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. ஜால்ராவும் மிருதங்கமும் நன்றாகக் கேட்கும் ஒரு பஜனைப் பாட்டை ஓடவிடுங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியின் மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பெருக்கி ஓடட்டும். பாட்டு உடனே நின்றுவிடாது! சவ்விலும் ஏணியின் மின்தேக்கிகளிலும் உள்ள மின்னூட்டம் கசிந்து தீரும்வரை பாட்டு கேட்டுக்கொண்டேயிருக்கும். மெல்ல மெல்லத் தேயும். நல்ல நிலையிலுள்ள ஒலிபெருக்கி சில நிமிடங்கள்வரை பாடும். கசிவுள்ளது சில வினாடிகளில் மங்கிவிடும். ஜால்ராவின் கணீர் ஒலி முதலில் மறைந்தால் உச்சப் பலகத்தின் பக்கம் கசிவு. மிருதங்கத்தின் தொப்பி ஒலி முதலில் போனால் தாழ்பலகங்களில் கசிவு. டயோடுகள் ஒருவழிப் பாதைகள் ஆதலால் ஒரு பலகத்தின் கசிவு மற்றதை எளிதில் இழுத்துவிடாது. உங்கள் காதே இங்கே தங்க இலை. கைக்கடிகாரம் ஒன்று இருந்தால் அளவும் கிடைத்துவிடும்.

குற்றாலத்து வீட்டில் இதைச் செய்துபார்த்தோம். இடப்பக்கம் ஒரு பாட்டு முழுவதும் தாக்குப்பிடித்தது. வலப்பக்கம் பல்லவி முடிவதற்குள் மிருதங்கத்தை இழந்தது. மின்னழுத்தம் தரும் ஏணியில் குறை இல்லை, தாழ்பலகத்தில் கசிவு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. (ஏணியைத்தான் ஏற்கெனவே மாற்றிவிட்டாரே!)

மின்னழுத்தத்தை அளக்க முயன்று தோற்ற இடத்தில் காலத்தை அளந்து வெற்றி பெறுவது ஏன் என்று கேட்பீர்கள். மின்காட்டியையே எடுத்துக்கொள்வோம். அதன் மின்தேக்குதிறன் 10 பிக்கோபாரட் என்றும், அதன் காப்புப் பொருளின் தடை ஒரு கோடி மெகா ஓம் என்றும் கொள்க. இரண்டையும் பெருக்கினால் 100 வினாடி. இலைகள் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியும்படி விரிந்து நிற்கும். காப்புத் தடை ஒரு லட்சம் மெகா ஓமாகக் குறைந்தால் அது ஒரே வினாடி. ஒரு லட்சம் மெகா ஓம் என்பதும் மிகப் பெரிய தடையே. எந்த மல்டிமீட்டரும் அதை 'முடிவிலி' என்றுதான் காட்டும். அந்த மல்டிமீட்டரை மின்காட்டியின் குமிழில் தொட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் எல்லாம் முடிந்துவிடும். மீட்டருக்கு எட்டாத அளவிலுள்ள கசிவைக் காலம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும்படி பெரிதாக்கிக் காட்டுகிறது.

இங்கே சாரலின் மீது சுமத்தப்படும் பழியையும் பார்த்துவிடலாம். ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்துகிறது, அதனால்தான் மின்னூட்டம் போகிறது என்று வகுப்பில் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது சரியான விளக்கம் அன்று. நீராவி கலந்த காற்றும் நல்ல காப்புப் பொருளே. காப்புப் பொருளின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. அங்கே ஏற்கெனவே படிந்துள்ள தூசியும் விரல் வியர்வையின் உப்பும் அதில் கரைகின்றன. மின்னூட்டம் நழுவுவது அந்தப் படலத்தின் வழியே. அறைக் காற்று அப்படியே இருக்க, மின்காட்டியின் காப்புக் கட்டையைத் துடைத்து ஒரு மின்விளக்கின் சூட்டில் சற்று நேரம் காட்டுங்கள். சாரல் பெய்துகொண்டிருக்கும்போதே இலைகள் விரிந்து நிற்கும். "இன்றைக்கு வராது" என்று கைவிட்ட சோதனை அன்றைக்கே வரும்.

விளக்கம் மாறினால் பழுதுபார்ப்பும் மாறுகிறது. காற்றுதான் குற்றவாளி என்றால் குற்றாலத்தில் இருப்பவர் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். மேற்பரப்புத்தான் குற்றவாளி என்றால் தூசியை நீக்கி உலர்த்தினால் போதும். அந்த வலப்பக்க ஒலிபெருக்கியின் பலகத்தை மூடியிருந்த தூசிகாப்புப் படலம் ஓரத்தில் கிழிந்திருந்தது. பல்லாயிரம் வோல்ட் மின்புலம் தூசியை வலிந்து இழுக்கும். கிழிசல் வழியே ஆண்டுக்கணக்கில் புகுந்த தூசி தகட்டுக்கும் சவ்வுக்கும் இடையே ஒரு பாலம் கட்டியிருந்தது. கோடையில் உலர்ந்து கிடந்த பாலம் சாரலில் நனைந்து உயிர்பெற்றது. இத்தொழிலில் தேர்ந்த ஒருவரைக் கொண்டு தூசியை நீக்கி, உலர்த்தி, புதிய படலம் ஒட்டியதோடு வேலை முடிந்தது. மூன்று பலகங்களும் பழையவையே, இப்போதும் பாடிக்கொண்டிருக்கின்றன.

எல்லாப் பழுதும் இப்படித் தூசியாகவே இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டால் வேறு சிலவற்றையும் பிரித்தறியலாம். பாட்டு இல்லாதபோதும் 'டிக்... டிக்...' என்று ஒரே சீரான இடைவெளியில் கேட்டால், எங்கோ ஒரு முனையில் பொறி பாய்ந்து, மின்னூட்டம் இழந்து, மீண்டும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த இடைவெளி மறுபடி மின்னேற எடுக்கும் காலம். 'உஸ்' என்ற தொடர்ச்சியான இரைச்சல் கூர்முனையிலிருந்து மின்னூட்டம் காற்றில் ஒழுகுவதைக் காட்டும். பலத்த தாழ்ஒலியில் மட்டும் சருகு சலசலப்பது போலக் கேட்டால் பெரும்பாலும் தளர்ந்த தூசிகாப்புப் படலம். மின்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. உலர்ந்த மாசி, பங்குனியிலும் ஒலி மங்கலாகவே இருந்தால் சாரலை விட்டுவிட்டு ஏணியின் டயோடுகளையும் சவ்வின் பூச்சையும் சந்தேகிக்கலாம்.

பொறி பாய்ந்து சவ்வு துளைபட்ட பலகத்தை எந்த உலர்த்தலும் காப்பாற்றாது. இதில் வாக்கர் மீதும் ஒரு குறை சொல்லலாம். உலர்ந்த காற்று ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் வரைதான் தாங்கும் என்பதை அவர் நன்கு அறிந்தவர். அந்த எல்லையை ஒட்டியே கருவியை வடிவமைத்தார். முதல் ஒலிபெருக்கிக்கு உச்ச அளவு 33 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. 15 வாட் பெருக்கிகளின் காலத்தில் அது போதுமானதாக இருந்தது. பின்னால் வந்த பெரிய பெருக்கிகளை இணைத்தவர்கள் உச்சப் பலகத்தை எரித்தார்கள். தடுக்க உள்ளே ஒன்றும் இல்லை. 1963-இல் தொடங்கிய உழைப்பின் பயனாக 1981-இல் வெளிவந்த இரண்டாம் ஒலிபெருக்கியில் இக்குறை நீக்கப்பட்டது. பொறி தோன்றும்போதே உணர்ந்து உள்ளீட்டைக் குறுக்கிடும் காப்புச் சுற்று அதில் உண்டு. கசிவைக் காட்ட ஒரு நியான் விளக்கும் உண்டு. மின்னூட்டம் விரைவாகக் கசிந்தால் அது விரைவாகச் சிமிட்டும். கருவிக்குள்ளேயே ஒரு மின்காட்டியை வைத்துவிட்டார் என்று சொல்ல வேண்டும்!

ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன சோதனைகளில் எதற்கும் மூடியைத் திறக்க வேண்டியதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். செருகியைப் பிடுங்கிய பின்னும் பாட்டு கேட்கிறது என்றால் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்றுதானே பொருள்? அதைவிடக் கொடியது துளைத் தகடுகளுக்குச் செல்லும் இசை மின்னழுத்தம். ஏணியின் மின்னோட்டத்தையாவது மெகா ஓம் தடைகள் கட்டுப்படுத்துகின்றன. மின்மாற்றியின் பின்னால் பெருக்கியின் முழு ஆற்றலும் நிற்கிறது. பாட்டு ஓடும்போது தகட்டைத் தொட்டவரை அது விடாது. ஆகவே திறக்கும் வேலையை உயர் அழுத்தத்தில் பழகியவரிடம் விட்டுவிடுங்கள். அவரிடம் எந்தப் பலகம், எத்தனை வினாடியில், எந்த மாதத்தில் என்று எழுதிக் கொடுங்கள்.

இரண்டாம் ஒலிபெருக்கியில் இன்று அடிக்கடி காணும் பழுது மின்னியல் சார்ந்ததே அன்று. தகடுகளை அவற்றின் சட்டத்தோடு ஒட்டிய பசை வயதாகி விட்டுவிடுகிறது. தகடு வளைந்து அதிர்கிறது. எத்தனை வினாடி எண்ணினாலும் இது தெரியாது. பலகத்தைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டுவதுதான் வழி. பொறுமையுள்ள ஒருவருக்குப் பல நாள் வேலை.